பல்லிக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்தேன்

கண்ணா,

போனை வைத்துவிட்டாய். சரி, வை. பெற்றவளிடம் கோபித்துக்கொள்ளாமல் வேறு யாரிடம் கோபித்துக்கொள்வாய்? ஆனால் வைப்பதற்கு முன்னால் நீ சொன்ன இரண்டும் பொய். நாலு பேர் முன்னால் இங்கிலீஷ் பேச எனக்கு நாணக்கேடு என்றாய். நீனாவை எனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் ரிசப்ஷனில் மைக்கைத் தொடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறேன் என்றாய். இரண்டும் இல்லை. உண்மையான காரணத்தை போனில் சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய். இல்லாவிட்டால் பெங்களூரிலிருந்து பஸ் ஏறி வந்து என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு மலையாளம்போலத் தமிழ் ஓடாது, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். அதுவும் நல்லதுக்குத்தான். நிதானமாகப் படி, ஒரு வரியையும் தாண்டிப் போகாதே. சத்தம் போட்டு மட்டும் படிக்காதே.

நான் இங்கிலீஷ் படிக்கக் கிளம்பியதே அந்தப் பெண்ணுக்காகத்தான். நீ முதல் தடவை வீடியோ காலில் நீனாவைக் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? லண்டனில் பிறந்து வளர்ந்த பெண், அப்பா அம்மாவின் மலையாளம்கூட வாயில் வராது என்றாய். அவள் சிரித்துக்கொண்டே என்னிடம் என்னவோ கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோயில் யானை மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன். அவள் மறுபடியும் கேட்டாள், நான் மறுபடியும் ஆட்டினேன். போனை வைத்த பிறகுதான், ‘உங்களுக்கு உடம்பு சரியில்லையா, முகம் வாடியிருக்கிறதே’ என்று அவள் கேட்டதாக நீ சொன்னாய். நான் சந்தோஷமாகத் தலையாட்டியிருக்கிறேன்! என் மகன் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணிடம் நானே வாயைத் திறந்து ‘சாப்பிட்டாயா’ என்று கேட்க வேண்டாமா? அந்த ஆசை எனக்கு வந்தது. ஜூ டவுன் யூதத் தெருவில் பழஞ்சாமான் கடையில் இத்தனை வருஷமாகக் கண்ணாடி விளக்கும் பீங்கானும் துடைத்துப் பெட்டியில் வைத்து, மேலே ‘ஃப்ரஜைல்’ என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் நான். அந்தச் சொல்லுக்கு ‘எளிதில் உடையக்கூடியது’ என்று பொருள் என்பதே இங்கிலீஷ் கிளாஸில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அதுவரைக்கும் அதை ஏதோ கம்பெனியின் பெயர் என்று நினைத்திருந்தேன்.

கிளாஸ் என்றால் ஸ்கூலுக்குப் போவது இல்லை. கடையில் கூட இருந்தவள் போனில் சேர்த்துவிட்ட குரூப். திருச்சூர்ப் பக்கத்து டீச்சர் ஒருத்தி, முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு புதுச் சொல் வரும். முதலில் சொல், பிறகு பொருள், பிறகு அதை வைத்து டீச்சரே ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம். அதைக் கேட்டுவிட்டு நாங்கள் ஒவ்வொருத்தரும் சொந்தமாக ஒரு வாக்கியம் உண்டாக்கி, வாயால் சொல்லிப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். டீச்சர் ஒரு கண்டிஷன் வைத்தாள். “ராமன், சீதை ஒண்ணும் வேண்டா கேட்டோ. நிங்ஙளுடெ வீட்டிலெ காரியம் பறயணம். அப்போழே வாக்கு மனசில் நில்க்கூ.” அவரவர் வீட்டு விஷயத்தை வைத்துச் சொன்னால்தான் சொல் மனதில் தங்கும் என்கிறாள். நல்ல வாத்தியாரம்மாதான். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

நம் வீட்டில் அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று உனக்குத்தான் தெரியுமே. உன் அப்பா எதையும் நேராகச் சொல்ல விடாத மனுஷர். அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்லக்கூடாது, அரிசி வாங்கணும் என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கு அணைந்துவிட்டது என்றால் முறைப்பார், மலையேறிவிட்டது என்று சொல்ல வேண்டும். விளக்கு வைத்த நேரத்தில் செத்தான், போனான், இல்லை, முடிந்தது என்று எதுவும் வாயில் வரக்கூடாது. ஏனென்றால் சுவர்க்கடிகாரத்துக்குப் பின்னால் பல்லி இருக்கிறது. நாம் ஒன்று சொல்லி முடிக்கவும் அது ‘டக் டக்’ என்று சொன்னால் சொன்னது பலித்துவிடும். நல்ல பேச்சுக்குச் சொன்னால் உன் அப்பா விரலால் தரையைத் தட்டிச் சிரிப்பார், கெட்ட பேச்சுக்குச் சொன்னால் அன்றைக்கு ராச்சாப்பாடு இறங்காது. நீ பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்பிய சாயங்காலம், பையைத் தோளில் போட்டுக்கொண்டு, “அப்போ போறேன்பா” என்று படியிறங்கினாய். தோப்பும்படி ஹார்பரில் மீன் ஏலம் கூவுகிற தொண்டை அல்லவா, மாடியிலிருந்து ஒரு சத்தம் போட்டார் பார். “போறேன்னு சொல்லாதடா! வரேன்னு சொல்லு! மேல வா, வந்து உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வரேன்னு சொல்லிட்டு இறங்கு!” தெருவே திரும்பிப் பார்த்தது. நீ முகம் சிவந்து மேலே வந்து, தண்ணீரைக் குடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு “வரேன்” என்றாய். எனக்கு அன்றைக்குச் சிரிப்பாக இருந்தது.

அப்படிப்பட்ட வீட்டில் நான் எந்த விஷயத்தை எடுத்து வாக்கியம் உண்டாக்குவது? முதலில் தயங்கினேன். பிறகு எனக்கு ஒரு துணிச்சல் வந்தது. இங்கிலீஷில் சொன்னால் என்ன? உன் அப்பாவுக்கும் புரியாது, பல்லிக்கும் புரியாது. கொச்சுக் குழந்தைபோல எனக்கு அதில் ஒரு குஷி. இத்தனை வருஷம் வாயில் வைத்து விழுங்கிய பேச்சையெல்லாம் விளக்குக்கு முன்னாலேயே உட்கார்ந்து கூசாமல் சொல்லலாம், கேட்க ஆளில்லை. ‘லீக்’ என்றொரு சொல் வந்தது, பொருள் ஒழுகுவது. நான் டக்கென்று, ‘எங்கள் வீட்டு மச்சு நல்ல மச்சு, அது ஒருபோதும் ஒழுகாது’ என்று இங்கிலீஷில் சொன்னேன். கடிகாரத்துக்குப் பின்னால் ‘டக் டக்’ என்றது. உன் அப்பா வழக்கம்போலத் தரையைத் தட்டி, “என்னமோ நல்லதாக்கும் சொல்லியிருக்கே” என்றார். மறுநாள் அலமாரிக்கு மேலே மச்சிலிருந்து தண்ணீர் சொட்டியது. நல்ல மீன மாச வெயில், மழை பெய்து எத்தனையோ நாளாகியிருந்தது. தேனிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலை செய்கிற கொத்தனார் ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். “அக்கா, மேல டேங்கும் இல்ல, பைப்பும் இல்ல. ஒரு ஓடுகூட உடையல. கைவச்சா காஞ்சு கெடக்குது. சொட்டுறது மட்டும் சொட்டுதே!” என்றார். இன்றைக்கும் அலமாரி மேல் ஒரு சட்டி வைத்திருக்கிறேன். நீ வந்தபோது எதற்கு என்று கேட்டாய், நான் ஏதோ சொல்லி மழுப்பினேன்.

அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய வீடு, எங்கிருந்தாவது ஒழுகத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். அடுத்து ‘வானிஷ்’ வந்தது. இருந்த இடம் தெரியாமல் மறைந்துபோவது. கீழ்வீட்டுத் திரேசியா சேச்சியின் பூனை அன்றைக்குத்தான் உன் அப்பா கொண்டுவந்த நெய்மீன் துண்டைக் கவ்விக்கொண்டு போயிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், ‘திரேசியா சேச்சியின் பூனை ஒரு நாள் மறைந்துபோகும்’ என்று சொன்னேன். டீச்சர் கைதட்டல் படம் அனுப்பினாள். பல்லியும் சொன்னது. இரண்டு நாள் கழித்துச் சேச்சி படியேறி வந்து, “எவிடெயெங்கிலும் கண்டோ சேச்சி, எந்டெ பூச்சயெ?” என்று கண்ணைக் கசக்கினாள். என்னைவிட மூத்தவள், என்னைப் போய் அக்காவாக்கிச் சேச்சி என்று கூப்பிட்டாள் என்றால் எவ்வளவு தடுமாறிப்போயிருந்தாள் என்று பார்த்துக்கொள். ஜூ டவுன் வரைக்கும் நானும் சேர்ந்து தேடினேன். வண்டியில் அடிபட்டிருந்தால் உடம்பாவது கிடைக்கும், ஒன்றுமே இல்லை. ஆனால் கண்ணா, அதன் கழுத்து மணி இன்னும் கேட்கிறது. விளக்கு வைக்கிற நேரத்தில் மாடிப்படிச் சுவருக்கு உள்ளே இருந்து கேட்கிறது. சேச்சிக்கும் கேட்கிறது. அவள் தினமும் வாசலில் பாலை ஊற்றிவைத்துவிட்டு, சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் படியேறும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன்.

அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அந்தச் சமயத்தில்தான் நீ நீனாவைக் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்று உன் அப்பாவிடம் சொன்னாய், அவர் வீட்டை இரண்டாக்கினார். ஹார்பரில் நூறு பேர் சத்தத்துக்கு மேலே கூவுகிற தொண்டை, எட்டடி அறைக்குள் கூவினால் எப்படி இருக்கும்? “அந்தப் புள்ள எங்க, நாம எங்க? கல்யாணம் பண்ணிட்டு அவனும் கப்பல் ஏறுவான். அப்புறம் நமக்கு எந்தா மிச்சம்? இந்த வீட்டுல இந்தக் கல்யாணம் நடக்காது!” வாய் ஓயவில்லை. உனக்காக நான் கெஞ்சினேன், அழுதேன், சோறு வைக்காமல் இருந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்கு வந்த சொல் ‘சைலன்ட்’. சத்தமில்லாமல் இருப்பது. டீச்சரின் எடுத்துக்காட்டு, ‘ஆசிரியர் வந்ததும் வகுப்பு அமைதியானது’. அவர் அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருக்கிறார், நான் இந்தப் பக்கம் விளக்குக்கு முன்னால் போனை வாயருகே வைத்துக்கொண்டு, கோபத்தில் சொன்னேன். ‘என் கணவர் சைலன்ட் ஆனால் இந்த வீட்டில் கல்யாணம் நடக்கும்.’ சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது, அவ்வளவு நீளமாக ஒரு வாக்கியம் அதுவரை நான் சொன்னதில்லை. கடிகாரத்துக்குப் பின்னால் டக் டக் என்றது. இந்தத் தடவை அவர் தரையைத் தட்டவில்லை. கத்துவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஏலத்துக்கு நடுவே குரல் அடைத்தது. கஷாயம், மாத்திரை, எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரி, ஆபரேஷன். வருஷக்கணக்கில் கத்தின தொண்டை, நரம்பு போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். டாக்டர் படித்தவர், அவர் சொல்வதை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் குரல் போன அந்த வாரமே நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “அப்பா, கல்யாணத்துக்கு சரியாப்பா?” என்று கேட்டாய். அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையை ஆட்டினார். அப்பா மனசு மாறிவிட்டார் என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். மனசு மாறியதா, வேண்டாம் என்று சொல்ல வாய் இல்லாமல் போனதா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டால் அதற்கும் தலையைத்தான் ஆட்டுகிறார். ஏலம் கூவிய மனுஷர் அதே ஹார்பரில் ஐஸ் பெட்டிக்கு நம்பர் எழுதுகிறார். வீட்டில் என்னைக் கூப்பிட நாக்கை மேலண்ணத்தில் வைத்து ஒரு சத்தம் கொடுக்கிறார். டக், டக் என்று. முதல் தடவை கேட்டபோது நான் கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.

திருப்பிப் போட முயற்சி செய்யாமல் இருப்பேனா? ‘என் கணவர் மறுபடியும் பேசுவார்’ என்று டீச்சருக்கு அனுப்பினேன். ‘என் கணவரின் குரல் ஊருக்கே கேட்கும்’ என்று அனுப்பினேன். ‘பூனை திரும்பி வரும்’ என்றேன். கைகூப்பிக்கொண்டு, கண்ணீரோடு சொன்னேன். பல்லி வாய் திறக்கவில்லை. வேண்டிக்கொண்டு சொல்வது எதுவும் அதற்கு எட்டவில்லை, கண்ணா. வாய்போன போக்கில், எடுத்துக்காட்டாகச் சொல்கிறது மட்டும்தான் எட்டுகிறது. ஒழுகாது என்றுதானே சொன்னேன், ஒழுகுகிறதே. பல்லியும் உன் அப்பாவைப்போலத்தான். வேண்டாத பேச்சை எடுத்தாலே போதும், இல்லை என்று சொல்ல எடுத்தேன் என்பதெல்லாம் காதில் விழாது. குரூப்பிலிருந்து விலகிவிட்டேன். நீனா வீடியோவில் வந்தால் பழையபடி தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன். அவள் என்னை என்ன நினைக்கிறாளோ என்று உள்ளுக்குள்ளே அழுகிறேன்.

இந்த லட்சணத்தில்தான் நீ போன வாரம் ரிசப்ஷனில் நான் பேச வேண்டிய அந்தப் பேச்சை அனுப்பினாய். “அம்மா, நீனா வீட்டாளுங்க எல்லாரும் இங்கிலீஷ் மட்டும்தான். ஒரு மினிட் பேசினா போதும். நானே எழுதிட்டேன், மலையாள எழுத்துல எழுதியிருக்கேன், நீ வாசிச்சா மதி” என்றாய். எனக்காக உட்கார்ந்து, ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லையும் மலையாள எழுத்தில் எழுதியிருந்தாய். அதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வீட்டு வாக்கியம் நான் உண்டாக்கினால்தானே ஆபத்து, இது என் பிள்ளை உண்டாக்கியது, இதில் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். விளக்கு வைத்துவிட்டு, எதிரிலேயே உட்கார்ந்து, சத்தமாக வாசித்துப் பழகினேன். பாதிச் சொல் தெரியும், பாதி தெரியாது. ஸன் தெரியும், டாட்டர் தெரியும். நடுவில் அந்த ஒரு வரியை நாக்கு சுலபமாகப் பிடித்துக்கொண்டது, பாட்டு மாதிரி இருந்தது. அதை மட்டும் இன்னொரு தடவை சொன்னேன்.

டக், டக்.

உன் அப்பா உள் அறையில் இருந்தார். எழுந்துபோய், “நீங்களா? நீங்கதானே சத்தம் கொடுத்தீங்க?” என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினார். கையில் சாயா கிளாஸ் இருந்தது, வாய் நிறைய சாயா இருந்தது, நாக்கைத் தட்ட இடமில்லை. என் பயத்தைப் பார்த்துவிட்டு முதலில் தலையை ஆட்டினார், பிறகுதான் விழுங்கினார்.

மறுநாள் கடையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது, அந்த வரியில் எனக்குத் தெரியாத சொல்லைப் போன் அகராதியில் போட்டுப் பார்த்தேன். பொருள் வந்தது: முன்பு இருந்த ஒன்று இப்போது நம்மிடம் இல்லாமல் போவது. அதற்குக் கீழே எடுத்துக்காட்டு வாக்கியமும் வந்தது: அவர்கள் தங்கள் ஒரே மகனை இழந்தார்கள். கையில் இருந்த பீங்கான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, நீ எழுதிய வரியைச் சேர்த்துப் படித்தேன். ‘இன்று நான் ஒரு மகனை இழக்கவில்லை, ஒரு மகளைப் பெறுகிறேன்.’ லண்டன் கல்யாணத்தில் எல்லாரும் சொல்கிற அழகான பேச்சாம், நீ போனில் சொன்னாய். இருக்கட்டும். அவர்கள் ஊரில் அது வெறும் பேச்சு. நம் வீட்டில் அந்தச் சொல்லை உன் பெயருக்குப் பக்கத்தில் வைத்து, இல்லை என்று சொல்லக்கூட யாரும் வாய் திறந்ததில்லை. நான் திறந்துவிட்டேன். அதுவும் விளக்குக்கு முன்னால், அதுவும் இரண்டு தடவை.

அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்து மாட்டவே மாட்டேன் என்றேன். நீ வண்டியில் போகாதே என்றேன், ராத்திரி பஸ்ஸில் வராதே என்றேன், கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாமா என்றுகூடக் கேட்டேன். உனக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை. என்னையே எனக்குப் பைத்தியக்காரி மாதிரித்தான் இருக்கிறது. கொத்தனார் கண்ணில் படாமல் எங்கோ பைப் உடைந்திருக்கலாம், பூனையை யாராவது தூக்கிப் போயிருக்கலாம், டாக்டர் சொன்னதே சரியாக இருக்கலாம். பகலில் நானும் அப்படித்தான் நினைக்கிறேன். சாயங்காலம் ஆனால் சுவருக்குள் மணி கேட்கிறது.

யோசித்துப் பார்த்துவிட்டேன். தள்ளிவைக்க வேண்டாம். உன் அப்பாவின் குரலைக் கொடுத்து வாங்கிய கல்யாணம், அதை நிறுத்த எனக்கு உரிமை இல்லை. நீனா நல்ல பெண். முகம் வாடியிருக்கிறதே என்று கேட்டவள் அவள் ஒருத்திதான், நீ கேட்டதில்லை. அவளை அழ விடாதே. அவளுக்குச் சமைக்கத் தெரியாது என்று யார் முன்னாலும் கேலி பேசாதே. கோபம் வந்தால் எழுந்து வெளியே போ, வாயைத் திறக்காதே. கோபத்தில் சொல்கிற வார்த்தை எந்த பாஷையில் இருந்தாலும் எங்கேயோ யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஐம்பது வயசுக்குமேல் நான் படித்த இங்கிலீஷில் உனக்குக் கொடுக்க என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

ரிசப்ஷனுக்கு வருகிறேன். மேடையும் ஏறுகிறேன். மைக்கைக் கையில் கொடு, வாங்கிக்கொள்கிறேன். நீ எழுதியதை வாசிக்க மாட்டேன். உங்கள் இரண்டு பேரையும் பார்த்துத் தமிழில் ஒன்றே ஒன்று சொல்வேன்: “போயிட்டு வாங்க.” அவ்வளவுதான். லண்டன்காரர்களுக்கு அதை நீ எப்படி வேண்டுமானாலும் மாற்றிச் சொல்லிக்கொள், அது உன் பாடு. ஆனால் அதற்கு முன்னால், அத்தனை பேர் முன்னாலும், நீ எனக்குப் பதில் சொல்ல வேண்டும். உன் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார், அவருக்கும் கேட்க வேண்டும். “வரேம்மா” என்று சொல். உன் அப்பா தலையாட்டியே என்னை ஏமாற்றுகிறார், நீயும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டு இறங்கிவிடாதே. வாயைத் திறந்து, சத்தமாகச் சொல். அது என் காதில் விழுகிறவரைக்கும் நான் மைக்கைக் கீழே வைக்க மாட்டேன்.

அம்மா